ஆராவ் கடைத்தெருவில் சாம்பல் நிறக் கோட்

செப்டம்பர் 2, 1986, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கட்டடத்தில் இன்று எங்களுக்கு உடுப்புத் தோய்க்கும் நாள். மெஷின் நிலவறையில். அதன் கதவுத் திறப்பை முதல் நாளே அடுத்த வீட்டுப் பெண் கொண்டுவந்து தந்துவிட்டாள். இந்தச் சுவிஸ் நாட்டின் ஒழுங்கு எனக்குப் பிடித்திருக்கிறது. மகள் ஜெசியிடம் சொல்லவில்லை.

ஜெசிக்கு ஆஸ்பத்திரியில் காலை வேலை. அவளுடைய தாதி உடுப்பின் கொலரை நான் மறுபடி அயன் பண்ணினேன். நாற்பது வயதை எட்டப் போகிறவள், கொலர் மடிக்கத் தெரியாது.

நேற்றுச் சாப்பாட்டு மேசையில் நடந்ததை எழுதி வைக்க வேண்டும். மருமகன் உர்ஸ் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஆங்கிலத்தில் நேராகக் கேட்டான். "மம்மா, மாதக் கடைசியில் உங்கள் விசா முடிகிறது. குளிர்காலத்துக்கும் எங்களுடன் இருக்க விருப்பமா? விருப்பம் என்றால் விண்ணப்பம் எழுதுகிறேன். பிறகு நிரந்தரமாகவும் பார்க்கலாம்."

நல்ல பிள்ளை. கேட்ட விதம்தான், பால் வாங்க வேண்டுமா என்று கேட்பது போல.

"வேண்டாம், வேண்டாம். எனக்கென்ன வீடு வாசல் இல்லையா? உங்களுக்கு ஏன் கரைச்சல். மாதக் கடைசியில் போகிறேன்" என்றேன்.

ஜெசி பீங்கானைப் பார்த்தபடி, "சரி அம்மா" என்றாள். உர்ஸ் "ஓகே" என்றான். உருளைக்கிழங்கை என் பக்கம் தள்ளினான்.

முதல் தரம் கேட்டால் அப்படித்தானே சொல்வது? எங்கள் வீட்டில் ஒரு தேத்தண்ணிக்கே மூன்று தரம் வற்புறுத்துவோம். முதல் கேள்விக்கே ஓம் என்று தலையாட்டுகிறவள் வளர்ப்பில்லாதவள். ஞாயிறு மத்தியானம் மறுபடி கேட்பார்கள். அப்போது "பார்ப்போம்" என்பேன். அதற்குப் பிறகு சம்மதிப்பேன்.

ஏனென்றால் நிற்க விருப்பம். இங்கே, தனிமையில், வெட்கமில்லாமல் எழுதலாம். யாழ்ப்பாணத்து வீடு ஆமிக்காரர் இருக்கும் கோட்டைக்குக் கிட்ட. தங்கச்சி பிலோவின் கடைசிக் கடிதம்: முன் விறாந்தையில் பாதி ஓடு போய்விட்டது, ஹெலி வந்தால் எல்லோரும் பங்கருக்குள். ஆனால் பயம் மட்டும் இல்லை. என் கணவர் போன பிறகு வீட்டில் என் காலடிச் சத்தம் மட்டும்தான். இங்கே ஜெசி வேலையால் வந்து வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைக்கும் சத்தம் கேட்கிறது. அது கேட்டால் மனம் ஓரிடத்தில் இருக்கிறது.

தைக்க வேண்டியவை: நீலப் பாவாடை விளிம்பு. உர்ஸின் காலுறை இரண்டு.

செப். 3, புதன்

மழை விட்டது. ஜெசிக்கு ஓய்வு நாள். பழைய நகரத்துக் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போனாள். கார் விடாத தெரு. தரை முழுக்கச் சின்னக் கருங்கல் பதித்திருக்கிறது; குதிச் சப்பாத்துக்காரிகள் பாடு கஷ்டம். என்னுடையது தட்டைச் சப்பாத்து.

கோபுர வாசலால் நுழைந்ததும் ஜெசி, "மேல பாருங்கோ அம்மா" என்றாள். ஒவ்வொரு வீட்டுக் கூரையும் தெருவுக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் அடிப்பக்கம் முழுக்கச் சித்திரம். பூக்கொடி, நட்சத்திரம், சிவப்பிலும் பச்சையிலும். தெருவில் நிற்கிறவன் அண்ணாந்து பார்த்தால் மட்டும் தெரியும். எவ்வளவு அழகு. "கழுத்து வலிக்குது" என்றேன்.

இரும்பில் செய்த பெயர்ப் பலகைகள்: கத்தரிக்கோல் ஒன்று, பொன் திறப்பு ஒன்று, முறுக்குப் போல ஒரு பாண் ரொட்டி. பொத்தானுக்கென்றே ஒரு கடை! தொப்பிக்கு ஒன்று. லேஞ்சிக் கைக்குட்டைக்கும் மேசை விரிப்புக்கும் ஒன்று. கடைக்குள் நுழைந்தால் முதலில் "குருட்சி" என்று வணக்கம் சொல்லிவிட்டுத்தான் பொருளைப் பார்க்க வேண்டுமாம். ஜெசி ஒவ்வொரு கடையிலும் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடப் பதில் சொல்வது போல எனக்குப் பட்டது, நல்ல பழக்கம்.

பொத்தான் கடைக்கு எதிரில் பெண்கள் உடுப்புக் கடை. கண்ணாடிக்குள் ஒரு கோட். கடும் சாம்பல் நிறம், கம்பளி, கொம்புப் பொத்தான், அடக்கமான கொலர். தையல் நேர். கான்வென்டில் எங்களுக்குத் தையல் சொல்லித் தந்த பெல்ஜியச் சிஸ்டர்கூடக் குறை சொல்ல மாட்டார்.

நின்றுவிட்டேன். ஜெசி பார்த்துவிட்டாள்.

"என்னம்மா, கோட்டோ? யாழ்ப்பாணத்தில இதைப் போட்டுக்கொண்டு பூசைக்குப் போகப் போறியளோ? சனம் கொள்ளிவாய்ப் பேய் எண்டு ஓடும்." சிரித்தாள்.

நானும் சிரித்தேன். வேறு ஒருத்தியின் மகள் என்றால், அம்மா ஏன் குளிர்ச்சட்டை பார்க்கிறா என்று யோசித்திருப்பாள்.

கோப்பி குடித்தோம். கேக் வரட்டி.

செப். 4, வியாழன்

மேகமூட்டம். ஆற்றுப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை, பால் கரைத்த மாதிரி.

அந்தச் சாம்பல் நிறக் கோட்டைப் பற்றியே நினைவு. அதைப் போட்டுக்கொண்டு இந்த வீட்டுக்குள் வந்தால் ஒரு சொல்லும் சொல்ல வேண்டியதில்லை. குளிர்காலத்துக்கு உடுப்பு வாங்கினவள் எதற்கு வாங்கினாள் என்று இவர்களே விளங்கிக்கொள்வார்கள். கையில் பணம் இருக்கிறது. ஆனால் சொன்ன விலைக்கு வாங்குவது என் வழக்கம் இல்லை.

அந்த நாளில் வீடு வீடாகச் சைக்கிளில் பட்டுத் துணி கொண்டுவருவான் ஒரு சீனன். பொட்டலத்தை அவிழ்த்து விறாந்தையில் பரப்பினால் கண் கூசும். விலை சொல்வான். நான் பாதி சொல்வேன். அவன் நெஞ்சில் கை வைத்து, தன் பிள்ளைகளின் பசியைச் சொல்லி, பொட்டலத்தைக் கட்டுவான். படலை வரைக்கும் போவான். மெல்ல மெல்லப் போவான், அது அவன் கெட்டித்தனம். சின்னப் பிள்ளை ஜெசி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் கண்ணைக் காட்டினால் போதும், ஒரே ஓட்டம். "சீனா, அம்மா வரட்டாம்!" அவன் திரும்புவான். கட்டின பொட்டலம் முடிவில்லை என்று எல்லோருக்கும் தெரியும்: அவனுக்கு, எனக்கு, ஐந்து வயதுப் பிள்ளைக்கு.

ஜெசியிடம் இன்று கேட்டேன், ஞாபகமா என்று. "ஓம், அந்தப் பச்சைப் பட்டில எனக்குச் சட்டை தைச்சனீங்கள்" என்றாள். ஓடினது ஞாபகமா என்று கேட்கவில்லை.

செப். 5, வெள்ளி

வெயில். தனியே போனேன். ஜெசிக்குச் சொல்லவில்லை.

கடைக்காரி என் வயதுக்காரி. மூக்குக்கண்ணாடி சங்கிலியில். கொஞ்சம் ஆங்கிலம் வருகிறது. "குருட்சி" சொன்னேன், மிகவும் சந்தோஷப்பட்டாள். கோட்டை எடுத்துத் தந்து, பின்னால் நின்று தோளைச் சரிசெய்தாள். நிலைக்கண்ணாடியில் பார்த்தேன். சேலைக்கு மேலேயும் பொருந்துகிறது. சொல்லக் கூடாது, கம்பீரமாகத்தான் இருந்தேன்.

முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. விலை கேட்டேன். சொன்னாள். "இரண்டாவது பொத்தான் தளர்ந்திருக்கிறது" என்றேன். இது தொடக்கம், விலை இறங்க வேண்டிய இடம். அவள் "ஓ, மன்னிக்க வேண்டும்" என்று உள்ளே போய் ஊசி நூல் கொண்டுவந்து, அங்கேயே உட்கார்ந்து பொத்தானை இறுக்கித் தைத்துத் தந்தாள். விலை அதே விலை.

உள்துணி ஓரிடத்தில் சுருங்கியிருக்கிறது என்றேன். கையால் தடவிப் பார்த்தாள். கம்பளிக்கு அப்படித்தான் வரும் என்று பொறுமையாக விளக்கினாள். விலை அதே.

"அப்படியென்றால் எனக்கு வேண்டாம்" என்றேன். கோட்டைக் கழற்றி மேசையில் வைத்தேன். மெல்ல நடந்தேன். கையுறைகளைப் பார்த்தேன். ஒரு தொப்பியைத் தொட்டேன். பின்னால் அவசரமாக அவளுடைய காலடி. கூப்பிடத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

அவள் என்னைத் தாண்டிப் போய், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, புன்னகையோடு தலை சாய்த்து வழியனுப்பினாள்.

வெளியே வந்து லேஞ்சிக் கடைக் கண்ணாடியைப் பார்ப்பது போல் நின்றேன். நன்றாக நேரம் கொடுத்தேன். அந்தக் கண்ணாடியில் தெரிந்தது: அவள் கோட்டைப் பழையபடி மாட்டுகிறாள், கொலரை நேர்படுத்துகிறாள்.

"யாழ்ப்பாணமோ ஆச்சி?"

பக்கத்து ரெஸ்ரோறன்ட் வாசலில் ஒரு பெடியன்; முப்பது வயதிருக்கும். வெள்ளை ஏப்ரன், கையில் சிகரெட். பெயர் தவம், சமையலறையில் வேலை.

"மிஸ்ஸிஸ் சவரிமுத்து" என்றேன்.

"ஓம் ஆச்சி. உதுக்குள்ள போய் விலை பேசினனீங்களோ? நான் இதில நிண்டு பாத்துக்கொண்டுதான் நிண்டனான். லேஞ்சிக் கடையில நீங்கள் நிண்ட நிலை! எங்கட அம்மா சந்தையில நிக்கிற மாதிரியே."

"நான் விலை பேசவில்லை. விசாரித்தேன்."

"சரி, விசாரிச்சனீங்கள். இஞ்ச ஒருத்தரும் திருப்பிக் கூப்பிட மாட்டினம் ஆச்சி. நான் முந்தி இன்டர்லாக்கனில ஒரு ஹோட்டல்ல நிண்டனான். சம்பளம் கூட்டாட்டி நாளைக்கு வரமாட்டன் எண்டு சும்மா வெருட்டினன். அந்த முதலாளி எழும்பிக் கை தந்து, நல்லாயிரு எண்டு சொல்லி, ஒரு சொக்லேற் பெட்டியும் தந்து விட்டுது. நான் ஸ்ரேசன் மட்டும் திரும்பித் திரும்பிப் பாத்துக்கொண்டு போனன். ஒரு நாய் கூட வரேல்லை!"

தொடையில் தட்டிச் சிரித்தான். உள்ளேயிருந்து யாரோ கத்தினார்கள். சிகரெட்டை அணைத்துவிட்டு ஓடினான். நான் சிரிக்கவில்லை. முன்பின் தெரியாதவளை ஆச்சி என்பதும், ஏப்ரனில் குழம்புக் கறையோடு தெருவில் நிற்பதும்.

வீட்டுக்கு வந்தும் அந்தச் சொக்லேற் பெட்டி மனதை விட்டுப் போகவில்லை. ஆனால் அது முதலாளி. ஜெசி என் மகள். ஞாயிறு கேட்பார்கள்.

செப். 7, ஞாயிறு

பூசைக்குப் போனேன். சாமியார் அங்கிக்குக் கீழே செருப்பு, காலுறை இல்லை. பாட்டு நன்று.

மத்தியானம் கோழி. சாப்பிட்டு முடிந்ததும் உர்ஸ் எழும்பிப் போய் ஒரு கடித உறை கொண்டுவந்தான். நான் கைகளைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டேன். "பார்ப்போம்" என்ற சொல் வாயில் தயாராக இருந்தது.

உறைக்குள் விமான ரிக்கற். இருபத்தேழாம் தேதி, சூரிச்சிலிருந்து கொழும்பு. யன்னலோர இருக்கைக்கு இரண்டு தரம் டெலிபோன் எடுத்தானாம். முகமெல்லாம் பெருமை.

"நீங்கள் சொன்ன மாதிரியே, அம்மா" என்றாள் ஜெசி.

"நல்லது. தாங்ஸ், உர்ஸ்" என்றேன். என் குரல் சரியாகத்தான் இருந்தது.

பிறகு குசினி. ஜெசி கழுவினாள், நான் துடைத்தேன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்: "உங்களுக்கு இஞ்ச பிடிக்காது எண்டு எனக்குத் தெரியும் அம்மா. வந்த நாளில இருந்து பாண் கல்லு மாதிரி, கேக் வரட்டி, கழுத்து வலி, சாமியாருக்குச் செருப்பு. நான் ஒரு உடுப்பு மடிச்சாலும் திருப்பி மடிக்கிறியள். நான் குறையாச் சொல்லேல்லை. உங்களைப் பிடிச்சு வைச்சிருந்து கஷ்டப்படுத்தக் கூடாது எண்டுதான்."

பாண் எனக்குப் பிடிக்கும். அந்தக் கெட்டித் தோல்தான் பிடிக்கும். கூரையின் அடியில் வரைந்த பூக்கள் பிடிக்கும். இல்லைப் பிள்ளை என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"அந்தக் கோப்பையின் அடியில் சோப் நிற்குது. திரும்பக் கழுவு" என்றேன்.

கழுவினாள்.

செப். 8, திங்கள். மாதாவின் பிறந்த நாள்.

குளிர் தொடங்கிவிட்டது. செபமாலை சொல்லிவிட்டு ஒரு முடிவெடுத்தேன். சொன்ன விலையைக் கொடுத்துக் கோட்டை வாங்கி, போட்டுக்கொண்டே வீட்டுக்கு வருவது. ரிக்கற்றைத் திருப்பிக் கொடுக்கலாம். விசா முடிய இன்னும் நாள் இருக்கிறது.

வழியில் தவம் கதவருகே மரக்கறிப் பெட்டி இறக்கிக்கொண்டு நின்றான். "ஆச்சி, இண்டைக்கும் விசாரணையோ?" தலையாட்டிவிட்டுப் போனேன்.

கண்ணாடிக்குள் வேறு உடுப்பு. மஞ்சள் நிறத்தில் ஏதோ.

கடைக்காரிக்கு என்னை ஞாபகம் இருந்தது. "சனிக்கிழமை விற்றுப் போய்விட்டது. நீங்கள் வேண்டாம் என்றீர்களே?" உண்மையாகவே வருத்தப்பட்டாள். கள்ளம் இல்லாத முகம். அதுதான் தாங்கவில்லை. மண் போன்ற கபில நிறத்தில் ஒன்று கொண்டுவந்து காட்டினாள். வேண்டாம் என்றேன். உடனே கொண்டுபோய் மாட்டிவிட்டாள். அந்தக் கபிலக் கோட்டும் மோசமில்லை.

திரும்பும் வழியில் அண்ணாந்து பார்க்கவில்லை.

செப். 15, திங்கள்

மழை. கால் மூட்டு. பிலோவுக்கு வரும் நாளை எழுதிப் போட்டேன்.

வாங்க வேண்டியவை: சொக்லேற் (பிலோ, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்), கால் வலி மருந்து, சிஸ்டர்மாருக்கு ஏதாவது. லேஞ்சி?

ஜெசி இரண்டு நாளாக இரவு வேலை. பகலில் தூங்குகிறாள். கதவு நீக்கலால் பார்த்தேன். சின்ன வயதில் போலவே, கை ஒன்று தலையணைக்குக் கீழே.

செப். 21, ஞாயிறு

இந்த நாட்டில் இன்று நன்றி செலுத்தும் ஞாயிறாம். பிளம்ஸ் பழம் அடுக்கிய தட்டைப் பணியாரம் எல்லா வீட்டிலும். உர்ஸ் தானே செய்தான். "மம்மா, ஒரு துண்டு?" என்று நீட்டினான்.

"ஓம், தா" என்றேன். முதல் தரத்திலேயே. காது சுட்டது. ஜெசி திரும்பிப் பார்த்தாள்.

நன்றாக இருந்தது. புளிப்பும் இனிப்பும். "நன்றாக இருக்கிறது" என்றும் சொன்னேன். உர்ஸ் இன்னொரு துண்டு வைத்தான். இவ்வளவு லேசா!

செப். 24, புதன்

தெளிந்த வானம், கடும் குளிர். சூற்கேஸ் அடுக்கினோம். ஜெசி மடித்துத் தந்த சேலைகளை அப்படியே வைத்தேன், திரும்ப மடிக்கவில்லை. கவனித்தாளோ தெரியாது.

பணியாரம் தந்த துணிவு. நான் அயன் பண்ணிக்கொண்டே கேட்டேன்: "என்னை நிற்கச் சொல்லி ஏன் பிள்ளை நீ திரும்பக் கேட்கவில்லை?"

அவள் கையில் இருந்த சேலையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். "நீங்கள் வேண்டாம் எண்டனீங்கள் அம்மா. நீங்கள் சொன்னால் சொன்னதுதானே. சின்னனில ஒண்டை ரெண்டாந்தரம் கேட்டதுக்கு எத்தினை தரம் முழங்காலில நிண்டனான்? 'ஒருக்காச் சொன்னாக் காணும், ஜெசிந்தா.' அந்தக் குரல் இப்பவும் என்ர காதுக்குள்ள கிடக்கு."

என் குரலிலேயே சொன்னாள். அச்சாக. சிரிக்க வேண்டிய இடம், இருவரும் சிரிக்கவில்லை.

பிறகு, மெல்ல: "சரி, இப்ப கேக்கிறன். நிக்கிறியளோ அம்மா? உர்ஸ் நாளைக்கே விண்ணப்பம் எழுதுவார். ரிக்கற் பெரிய விஷயமில்லை."

நானே வாய் திறந்து வாங்கின அழைப்பு. அதற்கு ஓம் சொல்வதா? இரக்கத்தில் கேட்கிறாள் என்று பட்டது. அந்த நொடியில் அப்படித்தான் பட்டது.

"இனி என்னத்துக்கு. ரிக்கற் எடுத்தாச்சு" என்றேன்.

காத்திருந்தேன். அவளும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சீனன் வந்த அந்த நாளில் போல. கண்ணைக் காட்டியிருந்தால் போதும். நான் அயன் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி அம்மா" என்றாள்.

ஜாக்கெட் கையில் லேசாகக் கருகல். இத்தனை வருடத்தில் நான் ஒரு துணியையும் கருக்கியதில்லை.

செப். 26, வெள்ளி

கடைத்தெருவுக்குக் கடைசியாக ஒரு தரம் போனேன். லேஞ்சி அரை டசின், சிஸ்டர்மாருக்கு. சொன்ன விலை. கூரைகளை நின்று பார்த்தேன், கழுத்து வலிக்கும் வரைக்கும்.

தவம் ஓடிவந்தான். "போறியளாம் எண்டு கோயில்ல எங்கட சனம் சொல்லக் கேள்விப்பட்டன். ஏன் ஆச்சி? அங்க எல்லாரும் இஞ்ச வர வழி தேடுகினம், நீங்கள் என்னெண்டால்..."

"வீடு வாசல் இருக்கிறது" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்றான். தாய்க்கு ஒரு சின்னப் பொட்டலம் தந்தான், நல்லூர்ப் பக்கமாம். வாங்கிக்கொண்டேன். கை கழுவி, ஏப்ரன் மாற்றிக்கொண்டு வந்திருந்தான்.

நேற்றும் இன்றும் ஜெசி வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றும்போது நான் வாசலிலேயே நின்றேன். "என்னம்மா?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

செப். 27, சனி

பனிமூட்டம். ரிக்கற், பாஸ்போர்ட், செபமாலை, மருந்து, தவத்தின் பொட்டலம். எல்லாம் கைப்பையில். இரண்டு தரம் பார்த்தாயிற்று. கட்டிலை விரித்து, துவாயை மடித்து வைத்தேன். மூக்குக்கண்ணாடியைத் தேடினேன், போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அலுமாரியைத் திறந்து மூடினேன். மெல்லத்தான் செய்கிறேன்.

உர்ஸ் காரைக் கொண்டுவந்துவிட்டான். ஜெசி வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"எழுதினது காணும், வாங்கோ அம்மா."

இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டாள்.